நான்காம் கட்டம்

கம்பசில் மகள் என்ன படிக்கிறாள் என்று
கீழ்க்கணக்கில் யார் கேட்டாலும்
அம்மா "டிகிரி" என்பாள்.
மேலே கேட்டால் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு
மலைக்கு ஏறிவிடுவாள்.

வாசிகசாலை சிவநேசன் ஒருநாள் விடவில்லை.
"கறுப்பின வரலாறும் பண்பாடும்" என்றேன் நானே.
அவர் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
"நம்மளதா?"
"இல்ல."
"அப்ப எதுக்கு?"
பஸ் வந்துவிட்டது, நல்ல வேளை.

ஏழாம் வகுப்பில், கொட்டகலை ஹொஸ்டலில்,
குழாயடி வரிசையில் முன்னால் நின்ற
கடைக்காரர் மகள் என்னைக் "காப்பிலி" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
எனக்குக் காப்பி என்று கேட்டது.
தேயிலைக்கு முன் இந்த மலையெல்லாம் காப்பிதானே.

அர்த்தம் தெரிந்தபின் மூன்று நாள் சாப்பிடவில்லை.
நான்காம் நாள் வீட்டுக்கு வந்தால்,
அண்ணனுக்குப் பார்த்த பெண்ணை
அத்தை அதே சொல்லால் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.
அப்போது மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.
அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் வருடத்தில் அந்தச் சொல்லுக்கு
ஒரு முழு விரிவுரை இருந்தது.
அரபிக்காரன் வாயில் பிறந்து
பறங்கிக் கப்பலில் ஏறி
கோட்டையைக் காக்க ஆட்களை இறக்கிய சொல்.
புத்தளம் பக்கம் அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள்,
நம் பஸ்ஸில்தான் போகிறார்கள்,
நம் மாதிரியே மீதிக் காசுக்குச் சண்டை போடுகிறார்கள்.
குறிப்பெடுத்த பேனா கொஞ்சம் கசிந்தது.

பிறகு அந்தப் பக்கம்.
எங்கோ ஒரு தீவில், ஒரு கரும்புத் தோட்டத்தின் பேரேடு,
போட்டோகொப்பி, இருபத்தைந்து ரூபாய்.
பெயர். வயது. உடம்பு. விலை.
ஜூபா, பதினொன்று, நலம், முப்பத்தெட்டுப் பவுண்.
மறுபக்கம் மாடுகள்.
அதே கையெழுத்து.

எனக்குப் பேரேடு புதிதில்லை.
எங்கள் ஊரில் மலையைப் பிரித்ததற்கே கணக்கு என்றுதான் பெயர்:
மேக்கணக்கு, கீழ்க்கணக்கு.
அம்மா ஒரு நம்பர். பதினெட்டுக் கிலோ வராவிட்டால்
அரைப்பேர்.
இரண்டையும் மேசையில் ஒன்றாக விரித்தேன்.
"ஒப்பிடுக" என்றது கேள்வித்தாள்.

கை விறுவிறுவென்று ஓடியது:
அங்கே கப்பல், இங்கே கப்பல்,
அங்கே சவுக்கு, இங்கே கங்காணியின் பிரம்பு,
அங்கே கரும்பு, இங்கே
அங்கே நின்றது.

எங்கள் முப்பாட்டன் பெயருக்கு எதிரே
நான்காம் கட்டத்தில் இருந்தது கடன்.
கட்டினால் துண்டு கிடைக்கும், போகலாம்.
கட்டி முடித்தவர் யாரென்று எழுதியிருக்கவில்லை.
என்றாலும் "போகலாம்" என்று ஒரு சொல்,
பொய்யாகவாவது, அங்கே இருந்தது.
ஜூபாவின் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடினேன்.
ஓரத்தில் தேடினேன்.
மாடுகளின் பக்கத்திலும் தேடினேன்.

எழுதியதை அடித்தேன்.
"ஒப்பிட முடியவில்லை.
பக்கத்தில் உட்கார முடிகிறது" என்று எழுதி
மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
இருபதுக்கு ஒன்பது.
விரிவுரையாளர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு
அதைப் பாதியில் அழித்திருந்தார்.

போன கிழமை, ஹட்டனில்,
டிகிரி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போனேன்.
வெளியே அடைமழை, கண்ணாடியில் ஆவி.
ஸ்டூடியோக்காரர் திரையில் என் முகத்தைப் பெரிதாக்கினார்.
எலியை நகர்த்தினார். நெற்றி வெளுத்தது,
கன்னம் வெளுத்தது,
அத்தைக்குப் பிடித்த ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, பழையபடி ஆக்குங்க."

"எல்லாரும் இதத்தான் கேப்பாங்க, தங்கச்சி.
வெளுத்தாலும் வெளுக்காட்டியும்
வெல ஒண்ணுதான்."

வாய்வரை என்னவோ வந்தது.
மூன்று வருடப் படிப்பு மொத்தமும் வந்தது.
கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.
"ஆறு கொப்பி" என்றேன்.
ஈரம் காயுமுன் வாங்கி
போட்டோகொப்பிக்கு நடுவில் வைத்து
ஓடினேன்.